படாருக்குப் பின்னால் ஒரு டப்

ஒத்திகை அறையில் இசையமைப்பாளர் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டியபோது டப்புவுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு துடித்துத் துடித்து அடங்கியது.

"இதுதான்க்கா உங்க சத்தம். பழைய பாட்டுலேர்ந்து தனியா பிரிச்சு எடுத்துட்டேன். மேடையில இதுவே வரும். நீங்க துணியப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா போதும்."

"அப்போ நான் எதுக்குப்பா?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? துணிக்கு நாலு மூல இருக்கே!"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. டப்புவின் வலது தோள் இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் எழும்புவதில்லை என்று தெரிந்து, பாவம் பார்த்துத்தான் செய்திருந்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. மூலையைப் பிடிக்க ஒரு ஆணி போதாதா?

'ஈரத்துணி' குழுவைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்த நான்கு பெண்கள். சங்கு என்று பேர் வாங்கிய பாடகி. அவளோடு சேர்ந்து பாடும் இரட்டையர், பெரிய ரெட்டையும் சின்ன ரெட்டையும். நான்காவது ஆள்தான் டப்பு, சங்குவின் நாத்தனார். டப்புவுக்குப் பாட வராது. அவள் வாயைத் திறந்தால் பால் திரிந்துவிடும் என்று அவளுடைய அண்ணனே சொல்வான்.

ஆஸ்பத்திரி ஊழியர் விழாவில் வேலை முடிந்த கையோடு, நனைந்த உடுப்போடு மேடை ஏறினார்கள். "யாருங்க இது, ஈரத்துணி மாதிரி வந்து நிக்கிறாங்க?" என்று அறிவிப்பாளர் மைக்கிலேயே கேட்டார். கூட்டம் சிரித்தது. "ஆமாங்க, ஈரத்துணிதான். காயப்போட வந்திருக்கோம்" என்றாள் சங்கு. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

மேளத்துக்கு ஆள் இல்லை. அதனால் வேலையில் செய்வதையே செய்தார்கள். பெரிய வெள்ளை விரிப்பின் நான்கு மூலைகளையும் நான்கு பேர் பிடித்து, மேலே தூக்கி ஒரே உதறு. படார்! அதுதான் தாளம்.

முதல் பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது நடந்ததுதான் அந்தக் கூத்து. சலவைக் கூடத்தில் படார் என்று உதறியதும் விரிப்பின் ஓரம் சுருங்கி நிற்கும். அதை நேராக்க இடுப்பருகே வைத்து வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுப்பது டப்புவின் வேலை. மைக்குக்கு முன்னால் நிற்கிறோம் என்பது கைக்குத் தெரியவில்லை. படார் என்றதும் பழக்கதோஷத்தில் இழுத்துவிட்டாள். டப்!

"கெடுத்தாளே!" என்று சங்கு அடிக்கவே போய்விட்டாள். அதற்குள் ஒலிப்பதிவுக் கூடத்தைப் பூட்டும் நேரம் வந்துவிட்டது. பாட்டு அப்படியே வெளியே போனது.

போனதா, பிய்த்துக்கொண்டு போனது. 'வெயிலே எங்க பக்கம் திரும்பு' என்று ஊரே பாடியது. பாடத் தெரியாதவர்கள்கூட படார்-டப் போட்டார்கள். காலையில் மாடிக்கு மாடி துணி காயப்போடுகிற பெண்கள் படார்-டப். கோல் விழுந்தால் கால்பந்து மைதானத்தில் ஆயிரம் துண்டுகள் படார்-டப். சம்பள உயர்வு கேட்டு நர்சுகள் ஆஸ்பத்திரி வாசலில் விரிப்புகளோடு நின்று படார்-டப் போட்டதில் மேலதிகாரிகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அதுவரை சோம்பிக் கிடக்கிற பெண்ணை 'ஈரத்துணி' என்று திட்டுவார்கள். அதற்கப்புறம் வகுப்பில் துணிந்து கேள்வி கேட்கிற பெண்ணை வாத்தியார்கள் "சரியான ஈரத்துணிடா இவ" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

டி.வி. பேட்டிகளில் சங்கு கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "அந்த டப் நாங்க ரொம்ப யோசிச்சு வெச்சதுங்க" என்பாள். பக்கத்தில் டப்பு தரையைப் பார்த்துச் சிரிப்பாள். அண்ணி ஆயிற்றே, சபையில் விட்டுக்கொடுக்க முடியுமா?

பிறகு எல்லாக் குழுவுக்கும் வருவது இவர்களுக்கும் வந்தது. இரட்டையர் குடும்பம் குழந்தை என்று ஒதுங்கினார்கள். சங்கு தனியாகப் பாடிப் பார்த்தாள், எடுபடவில்லை. டப்பு சலவைக் கடை வைத்தாள். இப்போது, நரை விழுந்த பிறகு, கடைசியாக ஒரே ஒரு நிகழ்ச்சி. டிக்கெட் விற்பனை திறந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது.

ஒத்திகை முடிந்து வெளியே வந்ததும் டப்பு அண்ணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, மெஷின் சத்தம் வேணாம். நானே இழுக்குறேன்."

"தோளு தூக்க முடியாதவ எப்படிடி உதறுவ? அத்தனை பேர் முன்னாடி புஸ்ஸுன்னு போச்சுன்னா? என் குரலே எந்த இடத்துல கால வாரும்னு தெரியாம பயந்துகிட்டு இருக்கேன். நீ வேற!"

"நீங்க பாடுனீங்க. அவளுங்க பாடுனாளுங்க. நான் என்ன செஞ்சேன் சொல்லுங்க? அந்த ஒரு சத்தம்தான் என்னோடது. அதயும் பொய்யாக்கிட்டு நான் எதுக்கு மேடையேறணும்?"

சங்கு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டப்பு நேரே கடைக்குப் போனாள். ஷட்டரை ஏற்றி, ஒரு விரிப்பை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். உதறிப் பார்த்தாள். தோளில் மின்னல் வெட்டியது, துணி தொய்ந்து விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் உதறினாள். அதே கதி. சரி, மடித்தாவது வைப்போம் என்று ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, ஓரத்தை நேராக்க இழுத்தாள்.

டப்!

நின்றாள். மறுபடியும் இழுத்தாள். டப்! இடுப்புக்கு மேலே கை போகவே தேவையில்லை. தூக்குவதுதான் போயிற்று. அன்றைக்குச் செய்த அந்தத் தப்பு போகவில்லை, அது கையிலேயே இருக்கிறது!

நிகழ்ச்சி அன்று மாலை ஒப்பனை அறைக்குள் டப்பு ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நுழைந்தாள். உள்ளே பிழிந்து வைத்த பருத்தி விரிப்பு. மேடைக்கென்று கொடுத்திருந்த பட்டுத்துணி நாற்காலியில் பளபளவென்று கிடந்தது.

"இது என்னடி வாளியும் கையுமா?" என்றாள் சங்கு.

"பட்டு பேசாது அண்ணி. ஈரப் பருத்திதான் பேசும். எனக்குத் தூக்க முடியாது, ஒத்துக்குறேன். இழுக்க முடியும். தூக்குறதுக்கு மட்டும் ஒரு கை வேணும்."

பெரிய ரெட்டை உதட்டுச்சாயத்தைக் கீழே வைத்தாள். "இப்படிக் கேக்குறா..." என்று ஆரம்பித்தாள். "...குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவோம்?" என்று சின்ன ரெட்டை முடித்தாள். இரண்டு பேரும் எழுந்து வாளியிலிருந்து ஆளுக்கு ஒரு மூலையை எடுத்துக்கொண்டார்கள்.

சங்கு முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குனிந்து துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஈரம் ஜாஸ்தி. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கு."

டப்புவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழாதடி, ஏற்கெனவே ஈரம் ஜாஸ்தின்னுதானே சொல்றேன். உன் மூலையயும் நான் சேத்துப் புடிச்சுத் தூக்குறேன். கீழ வந்ததும் உன் கைக்குத் தருவேன். கோட்ட விட்டியோ, வீட்டுக்கு வந்து உதைப்பேன்." பிறகு இசையமைப்பாளர் பக்கம் திரும்பினாள். "தம்பி, அந்தப் பாட்டுக்கு மட்டும் உங்க மெஷின் தூங்கட்டும். நீங்க வெளிய வந்து நின்னு கேளுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "சத்தம் வரலைன்னா என்ன பண்றதுக்கா?"

"வரலைன்னா வரல. எங்க மூஞ்சிதானே, நாங்க துடைச்சுக்குறோம்."

மைதானம் தளும்பி நின்றது. பாட்டிமார்கள், பேத்திகள், பழைய நர்சுகள், கால்பந்துப் பையன்கள். எல்லார் கையிலும் ஏதாவது ஒரு துணி. மேஜை விரிப்பை உருவிக்கொண்டு வந்தவர்கள்கூட இருந்தார்கள். முன்வரிசையில் டப்புவின் அண்ணன் ஒரு குழந்தைத் துண்டோடு உட்கார்ந்திருந்தான். அவசரத்தில் கைக்கு அதுதான் கிடைத்ததாம்.

பழைய பாட்டுகள் ஒவ்வொன்றாக ஓடின. சங்குவின் குரல் இரண்டு இடத்தில் வழுக்கியது, கூட்டமே தாங்கிப் பிடித்துக்கொண்டது. கடைசியாக விரிப்பு வந்தது. அதன் ஈரத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததுமே மைதானம் கூவியது.

சங்கு கையை உயர்த்தி அடக்கினாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். அந்த டப் நாங்க யோசிச்சு வெச்சதுன்னு இத்தனை வருஷமா அளந்து விட்டேன். ஒண்ணும் யோசிக்கல. பழக்கதோஷத்துல இவ இழுத்துட்டா. அன்னிக்கு இவள அடிக்கப் போனேன். ஊரே அதத்தான் புடிச்சுக்கிச்சு." கூட்டம் சிரித்தது. சங்கு சிரிக்கவில்லை. "அதனால இன்னிக்கு படார் உங்களுது. எவ்வளவு வேணா போடுங்க. டப் மட்டும் என் நாத்தனாரோடது. ஒருத்தரும் தொடக் கூடாது. சொல்லிட்டேன்!"

இரட்டையர் கீழ்க்குரலில் பாட்டைத் தொடங்கினார்கள். சங்கு மேலேறிப் பாடினாள். வெயிலே, எங்க பக்கம் திரும்பு... அந்த இடம் வந்தது. சங்கு இரண்டு மூலையையும் வாரிப் பிடித்தாள். விரிப்பு பாய்மரம் போல் எழுந்தது. மைதானம் முழுக்கத் துணிகள் எழுந்தன.

படார்!

இடி இறங்கினாற்போல் மேடைப் பலகை அதிர்ந்தது. மறுகணம் அத்தனை கைகளும் அப்படியே நின்றன. ஒரு குழந்தைகூட இருமவில்லை. டப்புவுக்குத் தன் மூச்சு தனக்கே கேட்டது. விரிப்பு இறங்கியது. அண்ணியின் கையிலிருந்து அந்த மூலை அவள் கைக்கு வந்தது, ஈரமாக, கனமாக, முப்பது வருஷத்துக்கு முன்னால் எப்படி வருமோ அப்படி. அவள் யோசிக்கவில்லை. கை யோசித்துக்கொண்டது.

டப்!

சின்னச் சத்தம்தான். கடைசி வரிசை வரைக்கும் போனது. அப்புறம் கிளம்பியதே ஓர் ஆர்ப்பாட்டம்! துணிகளெல்லாம் ஆகாயத்தில் பறந்தன. அண்ணன் குழந்தைத் துண்டைச் சுழற்றிக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்றான். இசையமைப்பாளர் மேடை ஓரத்தில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சங்கு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு டப்புவின் காதருகே குனிந்தாள்.

"இந்த வாட்டியும் லேட்டுதான்டி நீ."

"நீங்க மொதல்ல அடுத்த வரியப் பாடுங்க அண்ணி. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

சங்கு பாடினாள். குரல் வழுக்கவேயில்லை. பாட்டு முடியும்வரை படார் ஊருடையதாகவும், டப் டப்புவுடையதாகவும் இருந்தது.