சாப்பாட்டுப் பெட்டியின் மறுபக்கம்

ஐரீன் மூன்று மணிக்கு வருகிறார். மணி இரண்டேகால் ஆகிவிட்டது. பொம்மை ரயிலின் சாப்பாட்டுப் பெட்டி பதினோராவது முறையாக வளைவில் தடம் புரண்டு சாய்ந்தது.

"விழுந்துடுச்சா?" அடுக்களையிலிருந்து பெவ் கேட்டார்.

"இல்ல."

"சத்தம் கேட்டுச்சே."

"கேக்க வேண்டியது எதுவும் உன் காதுல விழாது, இது மட்டும் விழுந்துடும்" என்று ஹார்லன் தன் மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

டுலூத்தில் இருந்த பெரிய வீட்டை விற்றுவிட்டு இந்த அடுக்குமாடிக்கு வந்தபோது, ஹார்லனின் ரயில்களுக்குச் சின்ன அறைதான் கிடைத்தது. நாலடிக்கு எட்டடி பிளைவுட் பலகையைக் கால்கள் மேல் ஏற்றி, அதில் தண்டவாளம் போட்டார். நாலடி அகலத்துக்குள் ரயில் திரும்ப வேண்டுமென்றால் வளைவு எவ்வளவு இறுக்கமாக இருக்கும்! நீளமான பயணிகள் பெட்டி அதில் திரும்பும்போது, சக்கரம் பக்கத் தகட்டில் இடித்து, பெட்டியே கவிழ்ந்துவிடும். வளைவின் வெளிப்புறம் பார்த்த தகட்டில் இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது. தன்னுடைய ஐந்து பெட்டிகளையும் ஹார்லன் கூசாமல் வெட்டியிருந்தார்.

அதற்காக மைலோ அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. மைலோ, ஐரீனின் கணவர். ஹார்லனுக்கு நாற்பது வருட சிநேகிதர். அவருடைய நிலவறையில் ரயில் சுவரோரமாக அறையையே சுற்றி வரும். பார்க்கிறவர்கள் நடுவில் நிற்பார்கள். மாதாமாதம் பொம்மை ரயில் சங்கத்து ஆட்கள் அங்கே கூடும்போதெல்லாம், அத்தனை பேர் முன்னாலும் ஆரம்பித்துவிடுவார். "ரயிலுக்கு ஏத்த மாதிரி வளைவு போடணும்டா. வளைவுக்கு ஏத்த மாதிரி ரயில வெட்டுறவன் கசாப்புக்காரன்!" அந்தப் பெயரே ஹார்லனுக்கு நிலைத்துவிட்டது.

போன நவம்பரில் மைலோ போய்ச் சேர்ந்தார். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து மைலோ கையாலேயே செய்த சாப்பாட்டுப் பெட்டியை, மேஜைக்கு மேஜை விளக்கு எரியும் அந்த அழகை, ஐரீன் ஹார்லனிடம் கொடுத்தார். அதை எடுத்து வருகிறபோது பனி உறைந்த படியில் ஹார்லன் வழுக்கி விழுந்து தொலைத்தார். வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டியைப் பிரித்தால், ஒரு பக்கத் தகட்டின் இரண்டு முனைகளும் எலி கடித்த மாதிரி போயிருந்தன. உடைந்த துண்டுகளைத் தேடினார், கிடைக்கவில்லை. பனியில் விழுந்திருக்கும் என்று முடிவு கட்டி, பெவ்விடம்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது ஐரீன் செவ்வாய்க்கிழமை டூசானில் இருக்கும் மகள் வீட்டுக்கே ஒரேயடியாகக் கிளம்புகிறார். போவதற்கு முன் அந்தப் பெட்டி ஒரு சுற்று ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம்.

உடைந்த பக்கம் வெளியே தெரியும்படி வைத்தால் பெட்டி ஒரு குறையுமில்லாமல் ஓடியது. ஆனால் இந்த அறையில் பார்க்கிறவர்கள் பலகைக்கு வெளியேதானே நிற்க வேண்டும்? உடைசல் நேராக ஐரீன் கண்ணில் படும். நல்ல பக்கத்தை வெளியே வைத்தால் கவிழ்ந்தது. சின்ன ரம்பத்தை நாலு தடவை எடுத்தார், நாலு தடவையும் கீழே வைத்தார். ஒரு பக்கத்தை உடைத்தது போதாதா? உடைந்த இடம் சரியாகச் சக்கரம் திரும்பும் இடமாகப் பார்த்து எப்படி வாய்த்தது என்று அவர் யோசித்திருக்கலாம். பயந்துபோன மனுஷனுக்கு யோசனை எங்கே ஓடுகிறது!

ஐரீன் ருபார்ப் கேக்கோடு வந்தார். பெவ் காபி கொடுத்தார். நல்ல பக்கம் வெளியே இருக்க, ஹார்லன் நத்தை வேகத்தில் ரயிலைக் கிளப்பினார். வளைவு வந்தது. பெட்டி ஒரு நொடி தயங்கிவிட்டுச் சாய்ந்தது.

"திருப்பி வெச்சு ஓட்டிப் பாரு" என்றார் ஐரீன்.

ஹார்லனுக்கு முகம் செத்துப்போனது. "முடியாது ஐரீன். அந்தப் பக்கத்த நான் உடைச்சுட்டேன். படியில விழுந்தேன். சொல்லத் தைரியம் வரல."

ஐரீன் பெட்டியை எடுத்துத் திருப்பினார். தகட்டின் முனையை விரலால் தடவினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து பெவ் ஓடிவந்தால், சிரிப்பு!

"இது நீ உடைச்சதில்ல. என்னோட ரொட்டிக் கத்தி!"

"என்னது?"

"எங்க ஹீட்டருக்குப் பின்னால ஒரு வளைவு இருந்துச்சே, அதுல இது திரும்பவே இல்ல. மறுநாள் நீங்கல்லாம் வர்றீங்க. மைலோ சமையக்கட்டுல உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டே வெட்டுனாரு. சுவர் பக்கம்தானே, எவனுக்குத் தெரியப்போகுதுன்னாரு. 'யாருக்கு வேணா சொல்லு, ஹார்லனுக்கு மட்டும் சொல்லாதே'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"எப்போ?"

"பன்னெண்டு வருஷம் இருக்கும்."

"அதுக்கப்புறமும் என்னைக் கசாப்புக்காரன்னு..." ஹார்லனுக்குப் பொல்லாத கோபம் வந்தது. திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. மைலோ இல்லாத இந்த நாலு மாதத்தில் அவரை இவ்வளவு தேடியதே இல்லை.

"அதுலயும் எவ்வளவு கேவலமா வெட்டியிருக்கான் பாரு!" என்றார் கடைசியில்.

வெட்டுப்பட்ட பக்கம் வெளியே இருக்கும்படி பெட்டியை வைத்தார். ஐரீன் எழுந்து வளைவின் பக்கம் வந்து நின்றார். மேஜை விளக்குகள் எரிய, ரயில் வந்தது. ஹார்லன் குனிந்து தண்டவாளத்தின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"திரும்புடா கசாப்புக்காரா" என்றார்.

திரும்பியது.