இரும்பு தங்காத மலை

நுஃமானின் வலது கை பாறைப் பிளவுக்குள் மணிக்கட்டு வரை போய்விட்டது. உள்ளே முஷ்டியை மடக்கினான். கை சிக்கி நின்றது. அந்த ஒற்றைப் பிடியில் தொங்கியபடி உடம்பை ஒரு முழம் மேலே இழுத்தான்.

"பாய், ஆப்பு வைங்க" என்று கீழே கயிற்றைப் பிடித்திருந்த நாகலிங்கம் கத்தினான். "ரொம்ப தூரம் வெறுங்கயித்துல போறீங்க."

பிளவில் செருகிக் கயிற்றை மாட்டுகிற அலுமினியத் துண்டுதான் ஆப்பு. தவறி விழுந்தால் அதுதான் தாங்கும். கடைசியாகச் செருகியது காலுக்கு வெகு கீழே இருந்தது. இன்னொன்று செருக நேரமில்லை.

தலையைத் திருப்பிப் பார்த்தான். தூரத்தில் கருப்புக் கூடாரம். அதன் முன்னால் மலைக்குச் சொந்தக்காரக் கிழவர் அபூ மஸ்தூர் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டிருந்தார். இனி பின்பக்க ஒற்றையடிப் பாதையில் ஏறுவார். அவருக்கு முன்னால் உச்சிக்குப் போயாக வேண்டும். இவனுடைய லுஹர் இன்னும் பாக்கி. மாலை அசரோடு சேர்த்துத் தொழுதுகொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பிடிக்குக் கையை நீட்டினான்.

காயல்பட்டினத்துக்காரன் நுஃமான் ஜித்தாவில், ஷரஃபியா கடைத்தெருவில், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நிற்கிறான். நாகலிங்கம் சைட்டில் சாரம் கட்டுகிறவன், முதுகுளத்தூர் பக்கம். நாட்டுக்குத் திரும்பிய இங்கிலீஷ்கார இன்ஜினியர் ஒருவர் கயிற்றையும் ஆப்புகளையும் நாகலிங்கத்திடம் விட்டுப் போனதில் பிடித்த பைத்தியம் இது. வெள்ளிக்கிழமை விடிந்தால் டட்சன் பிக்கப்பில் பாலைவனத்துக்குள் நாலு மணி நேரம் ஓட்டி, இந்தக் கருங்கல் மலைக்கு வந்துவிடுவார்கள்.

மலையும் சுற்றியுள்ள மேய்ச்சலும் அபூ மஸ்தூரின் குடும்பத்துக்குப் பாத்தியப்பட்டவை. அன்னியர் யாரையும் அவர் விட்டதில்லை. இவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இரும்போ, வேறு எந்த உலோகமோ, ஓர் ஆணிகூட மலையில் தங்கக் கூடாது. பாறையில் ஆணியைக் கண்டால் அந்தக் காலத்தில் ஆண்ட துருக்கிக்காரன் புதைத்த தங்கத்துக்கு அடையாளம் என்று எவனாவது தோண்ட வந்துவிடுவான்.

அந்த வாக்கைக் காப்பாற்றப் போய்த்தான் போன வெள்ளிக்கிழமை இந்த வினை வந்தது.

உச்சியில் பாறை குழிந்து ஒரு குளம் உண்டு. மழைத் தண்ணீர் அதில் நிற்கும். கோடை முழுக்க ஆடுகளுக்கு அதுதான். குளத்தின் வாயில் ஒரு கல்லை வைத்துக் களிமண் பூசி அடைத்திருந்தார்கள். நாகலிங்கம் முதலில் ஏறி, அந்தக் கல்லுக்கும் பாறைக்கும் நடுவில் ஆப்பைச் செருகிவிட்டான். பின்னால் வந்த நுஃமான் அதை எடுக்க வேண்டும். ஆப்பு இறுகிப்போய் வரவில்லை. நாகலிங்கம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போன பிறகு, நுஃமான் கல்லைக் காலால் உதைத்து நெம்பினான். ஆப்பு வந்தது. கூடவே நூலாகத் தண்ணீரும் வந்தது. தானாக நின்றுவிடும் என்று நடையைக் கட்டினான்.

இன்று காலை காப்பி ஊற்றும்போதுதான் அபூ மஸ்தூர் சொன்னார், குளம் வற்றிப் போயிற்று என்று. "ஆட்டுக்காரன் தூங்கியிருக்கிறான், ஆடுகள் மிதித்துக் கல்லை நகர்த்தியிருக்கின்றன. தொழுதுவிட்டு மேலே போய்ப் பார்ப்பேன். அப்படித்தான் என்றால் நாளைக்கே அவனை ஊருக்கு ஏற்றிவிடுவேன்."

ஆட்டுக்காரன் சோலைமுத்து, அறந்தாங்கிப் பக்கத்து ஆள், கூடாரத்துக்கு வெளியே நின்றிருந்தான். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நுஃமானைப் பார்த்தான்.

கல்லைப் பழையபடி பொருத்திவிட்டால், களிமண் தானாக வெடித்தது என்று ஆகிவிடும். யாருக்கும் பழி இல்லை. டட்சனில் வைத்து நாகலிங்கத்திடம் நுஃமான் சொன்ன திட்டம் அதுதான். பின்பாதையில் போனால் அபூ மஸ்தூர் ஏனென்று கேட்பார், எப்போதும்போலப் பாறையில் ஏறினால் கேட்கமாட்டார்.

கடைசி விளிம்பில் வயிற்றைத் தேய்த்து ஏறி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடினான். குளத்தில் பச்சைப் பாசி காய்ந்து உரிந்து கிடந்தது. கல்லைத் தூக்கி வாயில் வைத்து அழுத்தினான்.

"அது பொருந்தாது பாய்."

பாறை நிழலில் சோலைமுத்து உட்கார்ந்திருந்தான்.

"ஒரு மூலை பேந்து போச்சு. காப்பிக்கு அப்பறம் மேல வந்து நானும் வச்சு வச்சுப் பாத்துட்டேன்."

"நாந்தான்னு தெரியுமா?"

"தெரியாம? அடிவாரத்துலதான ஆடு மேச்சுக்கிட்டிருந்தேன்."

"அவர்ட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா? அவரு கையால காப்பி குடிச்ச விருந்தாளிய விட்டுட்டு ஆட்டுக்காரன் பேச்ச எடுப்பாகளாக்கும்."

தடி தட்டும் சத்தம் கேட்டது. அபூ மஸ்தூர் மூச்சு வாங்க வந்து நின்றார். கல்லைப் பார்த்தார், நுஃமானின் மண் படிந்த கையைப் பார்த்தார்.

நுஃமான் கல்லிலிருந்து கையை எடுத்தான். "நான்தான் நகர்த்தினேன்" என்று தன் கடைத்தெரு அரபியில் சொன்னான். "உலோகம் மாட்டிக்கொண்டது. எடுக்கும்போது நகர்ந்துவிட்டது. இது தண்ணீரை அடைத்த கல் என்று எனக்குத் தெரியாது."

கிழவர் தடியால் கல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு சோலைமுத்துவிடம் திரும்பினார். "நீ கீழே இருந்தாயே. தடுக்கவில்லையா?"

"கத்தினேன். காற்று. இவருக்குக் கேட்கவில்லை" என்றான் சோலைமுத்து, தெரிந்த நாலு அரபி வார்த்தைகளில்.

"உனக்குக் கேட்டதா?" கிழவரின் பார்வை நுஃமான் மேல் வந்தது.

"காற்று" என்றான் நுஃமான்.

"உலோகம் தங்கக் கூடாது என்றவன் நான். நீ அதைக் காப்பாற்றினாய். பாதிக் குற்றம் என்னுடையது." குனிந்து சோலைமுத்துவின் தலையில் கை வைத்தார். "உன்னைச் சந்தேகப்பட்டேன். மன்னித்துவிடு." பிறகு நுஃமானிடம், "அடுத்த வாரமும் வா. காப்பி இருக்கும்."

தடியை ஊன்றி இறங்கிப் போனார். இனி மழை வரும்வரை, வாதி என்கிற வறண்ட ஆற்றுப் பள்ளத்துக்கு அப்பால் உள்ள கிணற்றிலிருந்து சோலைமுத்து கழுதையில் தண்ணீர் சுமக்க வேண்டும். பின்பாதையில் அவன் நுஃமானுக்கு முன்னால் நடந்து, வழுக்குமிடம் வந்தபோது கையை மட்டும் நீட்டினான். நுஃமானால் அந்தக் கையைப் பிடிக்க முடியவில்லை. உட்கார்ந்தே சறுக்கி இறங்கினான்.

டட்சன் பக்கத்தில் நாகலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அவன் வேலையும் தப்பிச்சுது, நமக்கு மலையும் மிஞ்சுச்சு. ஒத்துக்கிட்டீங்கள்ல, அப்பறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

நுஃமான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். "போன வாரம் காத்தா அடிச்சுது?"

"எங்க அடிச்சுது. என் சிகரெட் பொகை நேரா மேல போச்சு." நாகலிங்கத்தின் சிரிப்பு நின்றது. "அப்ப அவன் கத்துனது உங்களுக்கு?"

"கேட்டுச்சு. 'பாய், அத எடுக்காதீங்க, ஆட்டுக்குத் தண்ணி'ன்னான். நல்லா, தமிழ்ல."

"அடப்பாவி பாய். உங்களுக்குக் கேட்டது அவனுக்குத் தெரியுமா?"

நுஃமான் சுருட்டிய கயிற்றை வண்டிக்குள் போட்டான்.

"தெரியும். சரி சரின்னு அவனப் பாத்துக் கைய ஆட்டிட்டுத்தான் ஒதச்சேன்."