பட்டியலில் இல்லாத அண்ணன்

அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நோயில் படுத்தால் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று மாநிலத்தில் சட்டம் வர வேண்டும். அதற்காக இரண்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறாள்; வரும் தேர்தலில் அதைக் கொண்டுவருவதாகச் சொல்லும் வேட்பாளருக்கு ஓட்டுச் சேர்க்கிறாள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். தொழிற்சங்கம் கொடுத்த தாள்களைப் புரட்டியவளுக்குப் பகீரென்றது. நீக்கப்பட்ட பெயர்களில் சொந்த அண்ணனின் பெயர்.

அண்ணன் கார் பட்டறை வைத்திருப்பவன். அந்தச் சட்டம் வந்தால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்பவன். போன வருடம் ஒரு கூட்டத்தில் இவள் பேச்சுவாக்கில், அண்ணன் பட்டறையிலேயே ஒருவர் காய்ச்சலோடு வேலை செய்ததைச் சொல்லிவிட்டாள். அது அவன் காதுக்குப் போனது. அன்றோடு பேச்சு நின்றது.

"நீயா எடுத்தே? அதுவா போச்சு. அவங்களுக்கு ஒரு ஓட்டு குறையட்டும், விடுடி" என்றாள் கூட வந்த தோழி, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.

விட்டாள். ஆனால் கால் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். மூன்றாவது மாடியில் ஒரு கதவு திறந்தபோது எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோய்த் திருதிருவென விழித்தாள். மணி மூன்றே முக்கால். பெயர் சேர்க்கும் அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும். தாள்களைத் தோழியின் கையில் திணித்துவிட்டு அண்ணனின் பட்டறைக்கு ஓடினாள்.

காருக்கு அடியில் கிடந்த அண்ணன் தலையை மட்டும் நீட்டினான்.

"ஓட்டு கேட்டு வந்திருந்தா அப்படியே திரும்பிப் போ."

"ஓட்டு கேக்க வரல. உனக்கு ஓட்டே இல்ல."

எழுந்துவிட்டான். "உங்க ஆளுங்க வேலையா?"

"வீடு மாத்தினியே, எழுதிக் கொடுத்தியா?"

பதில் உள்ளேயிருந்து வந்த அண்ணியிடமிருந்து வந்தது. "நான் என்னுதை அப்பவே எழுதிக் கொடுத்துட்டேன். இந்த மனுஷன் அப்புறம் பாத்துக்கலாம்னாரு."

முகவரிக்குச் சான்றாக அண்ணி கொடுத்த மின்கட்டண ரசீதோடு, கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் அவன் ஸ்கூட்டரை எடுத்தான். இவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அலுவலகத்தில் நீண்ட வரிசை. ஐந்து அடித்ததும் ஊழியர் கதவைச் சாத்த வந்தார்.

"அஞ்சுக்கு முன்னாடி வரிசையில நின்னவங்களை அனுப்ப முடியாதுங்க. விதியை எடுத்துப் பாருங்க" என்று இவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். முணுமுணுத்தபடி அவர் நாற்காலிக்குத் திரும்பினார்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் இவளைப் பார்த்தான். "நான் யாருக்குப் போடுவேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். வயிறு எரியுது. கையெழுத்தைப் போடு."

தேர்தலில் இவர்கள் தரப்பு இருநூறு சொச்சம் ஓட்டில் தோற்றது. தோழி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இவளை அதிகமாகக் குடைந்தது. செய்தது சரியா என்று துணி மடிக்கும்போதும் கேட்டுக்கொண்டாள், பேருந்தில் நிற்கும்போதும் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான்.

"கூட்டத்துல நீ என் பட்டறையைச் சொன்னது தப்பு."

"தப்புதான். உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். ஆனா பொய்யா சொன்னேன்?"



"பொய் இல்ல" என்றான். "சாப்பிட வா. அண்ணி சமைச்சிருக்கா."

"வர்றேன். ஆனா சட்டத்தைப் பத்திப் பேசுவேன்."

"பேசு, பேசு. நான் ஒத்துக்க மாட்டேன்."

அவள் அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.