தளபதியின் முப்படை

உலகில் இதுவரை நடந்த போர்களெல்லாம் வெறும் ஒத்திகை. உண்மையான போர் அன்று காலை, அக்காவின் கண்ணாடிக் குடிலில், குடமிளகாய்ச் செடிகளுக்கு நடுவே மூண்டது. அறிவித்தவன் அவள் தம்பி. வீட்டில் அவனைத் தளபதி என்றுதான் கூப்பிடுவார்கள், மரியாதைக்காக அல்ல.

எதிரி, அசுவினி. இலைக்கு அடியில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சி. அதன் கழிவு வடிந்து காய் பிசுபிசுத்தால், காய் வாங்கும் ஓட்டல்காரர் தொடமாட்டார். மருந்தடித்த காயும் அவருக்கு ஆகாது.

"இந்தத் தடவையும் நீ சொதப்பினா, திரும்பக் காய்ப்பெட்டி அடுக்கத்தான் போகணும்" என்றாள் அக்கா.

பெட்டி என்றாலே தளபதிக்கு முதுகு வலிக்கும். "ஒரு படை போதும்னு நினைக்கிறவன் கோழை. நான் மூணு படை இறக்குறேன்க்கா!"

பொறிவண்டு அசுவினியை மென்று தின்னும். கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் புழு அதை உறிஞ்சிக் குடிக்கும். பொடிக்குளவி அதன் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். குளவிக்குஞ்சு உள்ளிருந்து தின்று வளர, அசுவினி உப்பிப் பழுப்புக் கூடாகிவிடும். மூன்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டுத் தளபதி சொற்பொழிவும் ஆற்றினான். கேட்டவர் அத்தான் மட்டும். அவரும் காது குடைந்துகொண்டிருந்தார்.

வாரம் ஓடியது. அசுவினி கொழுத்தது.

தளபதி பூதக்கண்ணாடியோடு இலைக்கடியில் தலையை நுழைத்தான். நுழைத்த தலை வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்னடா மச்சான், உன் ஆளுங்க என்ன பண்றாங்க?"

"சாப்பிடுறாங்க அத்தான்."

"நல்லதுதானே?"

"ஒருத்தரை ஒருத்தர்."

பொறிவண்டு கண்ணாடிச் சிறகின் முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தது. தப்பிப் பொரிந்த புழு, வண்டின் குஞ்சை உறிஞ்சியது. பழுப்புக் கூடுகளை இருவரும் பங்கு போட்டுக்கொண்டதில் உள்ளே இருந்த குளவிக்குஞ்சும் காலி. அசுவினிகளோ சாவகாசமாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தன.

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "கூட்டணின்னா அப்படித்தான்டா!"

அக்கா சிரிக்கவில்லை. பக்கத்து நாற்று அறையைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "அங்க அசுவினியெல்லாம் கூடாயிடுச்சு. குளவி மட்டும்தான் சுத்துது. அங்க என்னத்தடா விட்டே?"

அங்கே எதையும் விட்டதாகத் தளபதிக்கு நினைவில்லை. இருந்தும் நெஞ்சை நிமிர்த்தினான். "அது நம்ம ரகசியப் பிரிவுக்கா."

"கூடு இருக்கிற அந்த நாத்துத் தொட்டிங்களை இங்க கொண்டாரணும். அதுக்கு முன்னாடி, உன் மத்த ரெண்டு படையையும் நீயே பிடிச்சு வெளிய விடு."

டம்ளரும் தூரிகையுமாகத் தளபதி தன் வீரர்களைத் தானே கைது செய்யக் கிளம்பினான். "சரணடைஞ்சிடுங்கடா, கழுத்து பிடிச்சுக்கிச்சு" என்று கெஞ்சினான். ஒரு பொறிவண்டு சட்டைக்குள் புகுந்து கடைசிவரை போராடியது.

பிறகு தொட்டிகள் வந்தன. கூடுகளைத் துளைத்துக்கொண்டு குளவிகள் கிளம்பி வேலையைப் பார்த்தன. ஓட்டல்காரர் வந்து காயைத் தடவினார், விரல் ஒட்டவில்லை. பெட்டி அடுக்க வேறு ஆள் பார்க்கலாம் என்று அக்காவே சொல்லிவிட்டாள். ரகசியப் பிரிவுக்குத் தான் அளித்த கடும் பயிற்சியைப் பற்றித் தளபதி ஓட்டல்காரரை நிற்கவைத்து விளக்கினான்.

நாற்று அறையில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. குளவிகள் அது வழியாகத் தாமாக வந்தவை.