உள்பக்கத் தையல்

அக்காவைப் போர்வையோடு தூக்கும்போது அதன் ஓரம் கட்டில் ஆணியில் மாட்டி, ஒரு முழ நீளத்துக்கு லைனிங் துணி கிழிந்துகொண்டு வந்தது. அக்காவின் தலைப்பக்கம் பிடித்திருந்த பக்கத்து வீட்டு டீச்சர் அந்தச் சத்தத்தில் பதறிப்போய்க் கையைத் தளர்த்தப் பார்த்தாள்.

"விடாதீங்க டீச்சர். அதை நான் தச்சுக்கிறேன்" என்றாள் பொடிசு.

அக்காவைக் கூடத்து பெஞ்சில் கிடத்தினார்கள். காலையில் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவள், மூச்சு வாங்குகிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். அத்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாருக்கும் தொந்தரவு வைக்காமல் போனாள் என்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

பொடிசுக்கு வயது நாற்பத்து மூன்று. கடைக்குட்டி என்பதால் வைத்த பெயர், காதோரம் நரைத்த பிறகும் அவளை விடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் உட்காரவைத்து, கீழ் வரி தெரிகிறதா, மேல் வரி தெரிகிறதா என்று கேட்பவள். அவள் வீட்டுக்காரருக்கு வேறொரு வீடு இருப்பது மட்டும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. தெருவில் எல்லாருக்கும் தெரிந்து, இரண்டு வருஷம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்த ஆள் போனதைவிட, அத்தனை பேரும் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்களே என்பதுதான் அவளைப் போட்டு அரித்தது.

அப்போது அவளைத் தன் தையல் கடைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தவள் அக்கா. உனக்குத் தெரியாமல் இனி எதுவும் நடக்காது, நான் இருக்கிறேன் என்று சொன்னாள். அதோடு ஒரு சதுரத் துணியையும் ஊசியையும் கையில் கொடுத்தாள்.

வெட்டியது போக மிச்சமான துண்டுத் துணிகள். ஒவ்வொன்றிலும் பொடிசு ஒரு பூ எம்ப்ராய்டரி போட வேண்டும், அக்கா அவற்றை இணைத்துப் போர்வையாக்குவாள் என்று ஏற்பாடு. ஊசி ஏறி இறங்கும் நேரத்தில் பொடிசுக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை. மூன்றாம் மாதம் பசித்தது. ஐந்தாம் மாதம் கண்ணாடிக் கடைக்குத் திரும்பினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சதுரத்தைக் கொடுப்பாள். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் அது போர்வையில் சேர்ந்து, பூக்களின் பின்பக்கம் மறைய லைனிங்கும் வைத்துத் தைத்திருக்கும். தான் போட்டதைவிடப் பூ அழகாக இருப்பதுபோல் தோன்றும். கேட்டால் அக்கா, "கழுவி இஸ்திரி போட்டா தையல் தானா உக்காந்துடும்" என்பாள். பொடிசு அதை நம்பினாள். கடைக்கு வருகிறவர்களிடம்கூடப் போர்வையின் போட்டோவைக் காட்டுவாள். வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்வாள்.

கூடத்தில் அழுகை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. இருவரும் சேர்ந்து தைத்த போர்வைதான் அக்காமேல் இருக்க வேண்டும் என்று அத்தான் சொன்னார். பொடிசு கிழிந்திருந்த அந்தப் போர்வையை எடுத்துக்கொண்டு முன்னறையில் இருந்த தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தைப்பதற்காக லைனிங்கை விலக்கியபோதுதான் பூக்களின் உள்பக்கத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை.

அக்கா முடிச்சே போடமாட்டாள். நூல் முனையைத் தையலுக்கு அடியிலேயே செருகி ஒளித்துவிடுவாள். பொடிசுக்கு அது கடைசிவரை வரவில்லை. ஒவ்வொரு இதழுக்கும் அடியில் மிளகு மாதிரி ஒரு முடிச்சு போட்டால்தான் அவளுக்கு நிம்மதி. அந்த முடிச்சுகளைத் தேடி இன்னும் கொஞ்சம் பிரித்தாள். அடுத்த சதுரத்திலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பூவைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் தெரிந்தன, கோணல்மாணலாக. அவள் போட்ட பூவில் மிஞ்சியிருந்தது அந்தத் துளைகள் மட்டும்தான்.

வண்டி வந்துவிட்டது என்று சொல்ல அக்கா மகள் உள்ளே வந்தாள். சித்தி போர்வையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எத்தனை கட்டத்தை உங்கம்மா பிரிச்சா?"

 அக்கா மகள் கதவைச் சாத்தினாள். "எல்லாத்தையும்தான் சித்தி. முதல் கட்டத்துல பூ சுருங்கிப்போய்க் கெடந்துச்சாம். நீங்க அப்ப இருந்த நெலமையில அதைப் பாத்து மனசு விட்டுடுவீங்கன்னு, ஒண்ணே ஒண்ணைத்தான் பிரிச்சுத் தச்சாங்க. அடுத்த வாரம் வந்து அதைப் பாத்துட்டு நீங்க சிரிச்சீங்க. அதுக்கப்புறம் அவங்களால நிறுத்த முடியல." மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அம்மா இந்த வேலையைத்தான் பார்ப்பாள் என்றும் சொன்னாள்.

"அத்தானுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையசைத்தாள்.

"டீச்சர் தலையணை உறைக்குப் பூப் போட்டுக் கேட்டாங்களே?"

"அதையும் அம்மாதான்… டீச்சருக்கும் தெரியும் சித்தி."

 டீச்சர் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் கை கையல்ல, தங்கம் என்று சொன்னது பொடிசுக்கு நினைவுக்கு வந்தது. பக்கத்தில் அக்கா நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் பொடிசு போட்ட ஒரு பூ, ஒரு இலை, எதுவும் இந்த உலகத்தில் இல்லை. இந்தத் தடவையும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அழுகை வரவில்லை. கூடத்துக்குப் போய், பெஞ்சில் கிடப்பவளின் தோளைப் பிடித்து உலுக்கி, ஏன்டி என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டால் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள அவளுக்கு எப்பேர்ப்பட்ட வசதி.

அத்தான் வெளியிலிருந்து நேரமாகிறது என்றார். அக்கா மகள் போர்வைக்குக் கை நீட்டினாள். "அப்படியே போட்டுடலாம் சித்தி. கிழிஞ்சது தெரியாது."

பொடிசு ஊசியில் நூலைக் கோத்தாள். லைனிங்கை இழுத்துப் பொருத்தித் தைக்கத் தொடங்கினாள்.  ஒரு தையல் நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் விழுந்தன. துணி ஒரு பக்கமாகச் சுருங்கியது.

"கோணலா போகுது சித்தி. குடுங்க, நான் போட்டுடுறேன்."

"போகட்டும். இனிமே இதைப் பிரிக்க யாரு இருக்கா?"

அக்கா மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

கூடத்தில் அத்தானும் டீச்சரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வையை விரித்தார்கள். தைத்த ஓரத்தைப் பார்த்துவிட்டு, அது கால்பக்கம் போகட்டும் என்று அத்தான் போர்வையைத் திருப்பினார். பொடிசு அதை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் திருப்பி, அந்த ஓரம் மேலே வரும்படி அக்காவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள். தையல் முடிந்த இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டிவிடச் சொல்லி யாரோ கத்தரிக்கோலை நீட்டினார்கள். பொடிசு அதை வாங்கிக்கொள்ளவில்லை.