யாரும் சாகாத நாவல்கள்

வாசகர் வட்டம் என்று பெயர்தான் பெரிது. மொத்தமே நாலு பேர். நாலு பேர் என்றால் அது சதுரம்தானே என்று டீச்சர் ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னாள். கணக்கு டீச்சர் என்பதால் எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டு மாடி அறையில் கூடுவார்கள். ஒரே நாவலை எல்லாரும் வாசித்துவிட்டு வர வேண்டும். எல்லாரும் என்றால் மூன்று பேர். நாலாவது ஆள் கூரியர் ஆபீஸ் மேனேஜர்; எந்த நாவலிலும் பாதியைத் தாண்டியதில்லை. அதனால் அவருக்குப் பாதி என்றே பெயர் விழுந்துவிட்டது. படித்த பாதியை வைத்துக்கொண்டு முழு நாவலைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசுவார். அது லேசுப்பட்ட திறமை இல்லை.

வட்டத்தில் இன்னொருத்தியான கத்தரிக்கு அந்தப் பெயர் வாயால் வந்தது. அவள் பல் லேப்பில் வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல் செதுக்குவது வேலை. அங்கே அவ்வளவு பொறுமை. நாவல் என்று வந்துவிட்டால் மட்டும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. "முன்னூறு பக்கத்துல இருநூறு பக்கம் மழையே பெய்யுது. முன்னாடியே சொல்லியிருந்தா குடை எடுத்துட்டு வந்து படிச்சிருப்பேன்" என்று ஆரம்பித்தால், கடைசி அத்தியாயம் வரை நறுக்கித் தள்ளிவிட்டுத்தான் டீயைத் தொடுவாள்.

அவளுக்கு ஈடு கொடுக்க ஒரே ஆள் மாட்டு டாக்டர். பெயர்தான் மாட்டு டாக்டர். அவர் கிளினிக்குக்கு வருவதெல்லாம் நாயும் பூனையும்தான். கத்தரி கறுப்பு என்றால் அவர் வெள்ளை என்பார். ஒருமுறை ஒரு கதாநாயகி வீட்டைவிட்டுப் போனது சரியா தப்பா என்று இருவரும் மாடியில் தொடங்கி, படியிறங்கி, பஸ் ஸ்டாப் வரைக்கும் கத்திக்கொண்டே போனார்கள். நின்றிருந்தவர்கள் குடும்பத் தகராறு என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள். கத்தரியைக் கூட்டிப் போக வந்திருந்த அவள் தம்பிதான் கையைப் பிடித்து இழுத்தான். "அந்தப் பொம்பளையே கற்பனைக்கா. அவளுக்காக நீ இப்படி மூச்சு வாங்கறியே" என்று சிரித்தான்.

அந்தத் தம்பி போன வருஷக் கடைசியில் இறந்துபோனான். பஸ் டிரைவர். அக்காவும் தம்பியும் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல் ஒரே வீட்டில் இருந்துவிட்டவர்கள். ஒருநாள் விடிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மாரடைப்பு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

கத்தரி அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டாள். யாருக்குச் சர்க்கரை கூடாது என்று கேட்டுக் கேட்டு டீ கொடுத்தாள். "கல்லு மாதிரி நிக்கறா பாரு" என்று சித்தி அவள் காதுபடவே சொன்னாள். அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு மரத்துப்போய், கடித்தால்கூடத் தெரியாதே, அந்த மாதிரி இருந்தது. ஊசியாவது ரெண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். இது மாதக்கணக்காக இறங்கவில்லை. லேப்பில் கை பாட்டுக்கு வேலை செய்தது. வீட்டில் பேச ஆளில்லை. மிச்சம் இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அங்கே போய் வாயைத் திறந்தாலாவது பழைய ஆள் திரும்பி வருவாள் என்று நினைத்தாள். அதுவும் இல்லையென்றால் தான் அவ்வளவுதான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

போனாள். ஆனால் வாய் திறக்க அங்கே ஒன்றும் இல்லை. முதல் மாதம், மூன்று சிநேகிதிகள் பூக்கடை வைக்கிற நாவல். அடுத்த மாதம், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காணாமல் போன பூனை. பூனை கிடைத்துவிட்டது. அதற்கடுத்த மாதமும் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்தது. முன்பெல்லாம் ஆள் சாகாத நாவலை மாட்டு டாக்டர் தொடவே மாட்டார். இப்போது அவரே பூக்கடை நாவலை மடியில் வைத்துக்கொண்டு, "நல்ல மனசுள்ள கதை" என்றார். கத்தரி ஏதாவது சொன்னால், "கரெக்ட்" என்றார். டீச்சர் தலையாட்டினாள். பாதியும் தலையாட்டினார். அவளுக்கு எதுவோ இடித்தது. என்னவென்று யோசிக்கிற அளவுக்கு மனதில் தெம்பில்லை.

ஏழாவது மாதம் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் சமையல் கற்றுக்கொள்கிற நாவல். பேச்சு வழக்கம்போல வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் பாதி உற்சாகமாகி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் பிடிச்ச இடம் எதுன்னா, அந்த அக்காக்காரி செருப்புகூடப் போடாம தெருவுல ஓடுறா பாருங்க, தம்பி பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே..."

டீச்சர் இருமினாள். அது இருமல் இல்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். மாட்டு டாக்டர் டீக் கோப்பைக்குள் எதையோ தேடினார். தபால்காரர் கதையில் அக்காவும் கிடையாது, தம்பியும் கிடையாது, தெருவில் ஓடுகிற ஆளும் கிடையாது.

"அது எந்தப் புஸ்தகம்?" என்று கத்தரி கேட்டாள்.

பாதி திருதிருவென்று விழித்தார். "ரெண்டையும் ஒரே சமயத்துல படிக்கறேனா... கலந்துபோச்சு" என்றார். சொன்ன பிறகுதான், சொல்லக் கூடாததை இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது.

பூசி மெழுகப் பார்த்துவிட்டு, முடியாமல், டீச்சர்தான் உடைத்தாள். தம்பி இறந்ததிலிருந்து அவர்கள் மாதத்துக்கு இரண்டு நாவல் படிக்கிறார்கள். ஒன்று ஞாயிற்றுக்கிழமைக்கு, கத்தரிக்காக. யாரும் சாகாததா என்று டீச்சர் முதலில் முழுசாகப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. இன்னொன்று நிஜமான நாவல். அதற்கு மூன்றாவது வியாழக்கிழமை, மாட்டு டாக்டர் கிளினிக்கில், அவளில்லாமல் கூடுகிறார்கள். கள்ளத்தனமாகச் சீட்டாடுகிறவர்கள்கூட இவ்வளவு திட்டம் போடமாட்டார்கள்.

"உன்னைக் காயப்படுத்தக் கூடாதுன்னுதான்டி" என்று டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். "நீ எங்களுக்கு முக்கியம்."

தனக்குக் கோபம் வர வேண்டும் என்று கத்தரிக்குத் தெரிந்தது. வருகிறதா என்று சற்று நேரம் பார்த்தாள். வரவில்லை. "சரி" என்று கையை விடுவித்துக்கொண்டு, கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் லேப்பிலிருந்து திரும்பும் வழியில் புத்தகக் கடையில் இறங்கி, தெருவில் ஓடுகிற அக்கா வருகிற நாவல் எது என்று கேட்டு வாங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் மெழுகு உருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். நாவலில் தம்பிக்கு நோய். ஒரு வருஷம் படுக்கை. அக்கா துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, ஊட்டி, பார்த்துக்கொள்கிறாள். பிறகு ஒருநாள் அவன் போகிறான். அவள் வெறுங்காலோடு தெருவில் அலறிக்கொண்டு ஓடுகிறாள். இது முதல் பாதிக்குள்ளேயே வந்துவிட்டது. தம்பி இன்னும் பத்து அத்தியாயம் இழுத்துக்கொண்டு கிடந்திருந்தால் குட்டு வெளிப்பட்டே இருக்காது. அந்தப் பக்கத்தைக் கத்தரி திரும்பத் திரும்பப் படித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. முடித்த பல்லைப் பெட்டியில் வைத்து, பெயர் ஒட்டி, அடுத்ததை எடுத்தாள்.

மூன்றாவது வியாழக்கிழமை கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நோயாளிகளை அனுப்பியாகிவிட்டது. மருந்து நெடியும் ஈர நாய் வாடையும் கலந்து அடித்தது. ஸ்டீல் மேஜையைத் துடைத்து, அதன்மேல் பிஸ்கட் தட்டும் மூன்று நாவல்களும். மூலையில் கூண்டுக்குள் ஆபரேஷன் முடிந்த நாய் ஒன்று கழுத்தில் புனல் மாட்டிக்கொண்டு படுத்திருந்தது. பேசிக்கொண்டிருந்த மூவரும், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள்போல நிறுத்தினார்கள்.

"நிறுத்தாதீங்க. படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்" என்று தன் புத்தகத்தையும் மேஜையில் வைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

யாரும் ஆரம்பிக்கிற மாதிரி தெரியவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"அந்த ஓடுற இடம் சுத்தப் பொய். யாரும் அப்படி ஓடமாட்டாங்க." குரல் சாமான் பட்டியல் வாசிக்கிற மாதிரி இருந்தது. "அன்னிக்குக் காலைல குழாய்ச் சத்தம் நிக்கவே இல்லைன்னு எழுந்து போனேன். தம்பி வாஷ்பேசினுக்குக் கீழ விழுந்து கிடந்தான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? மொதல்ல குழாயை மூடினேன். தண்ணி வீணாப் போகுதேன்னு. அவனைத் தாண்டிப் போய் மூடிட்டு, அப்புறம்தான் குனிஞ்சு பாத்தேன். நிஜத்துல இதான் நடக்கும். இந்தம்மா எழுதியிருக்கறது சினிமா."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொல்றதுதான் சரி" என்றாள்.

"ரொம்பச் சரி" என்றார் பாதி.

மாட்டு டாக்டர் தலையை மட்டும் அசைத்தார்.

கத்தரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். தூண்டிவிட்டுப் பார்க்கலாம் என்று, "புஸ்தகமே குப்பை. எழுதினவளுக்குப் பேனாவே கொடுத்திருக்கக் கூடாது" என்றாள். நிஜமான நாவல் என்று அவளுக்குத் தெரியாமல் அதைத் தேர்ந்தெடுத்துப் படித்தவர்கள்தான் இவர்கள். டீச்சர், "ஆமா, கொஞ்சம் மிகைதான்" என்றாள். பாதி, "எனக்கும் பாதிலயே தோணுச்சு" என்றார். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொன்னாலும் அன்றைக்கு அங்கே ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

அப்போது அவளுக்குப் புரிந்தது. வியாழக்கிழமைக்கு வந்தும் பிரயோஜனமில்லை. அவள் எங்கே போய் உட்கார்ந்தாலும் அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். இனி அவளோடு யாரும் சண்டை போடப்போவதில்லை. துக்கக்காரி என்று பலகை எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். புத்தகத்தை எடுத்துப் பைக்குள் போட்டாள். எழுந்தாள்.

"போயிட்டு வரேன். இனிமே ரெண்டு நாவல் படிச்சுச் சிரமப்படாதீங்க. ஒண்ணே போதும்."

கதவுவரை போய்விட்டாள்.

"நீ சொன்னது தப்பு" என்றார் மாட்டு டாக்டர்.

"டாக்டர், விடுங்களேன்" என்று டீச்சர் பதறினாள்.

"விட முடியாது. ஏழு மாசமா விட்டுட்டுத்தான் இருக்கேன், எனக்கு வயிறு எரியுது." அவர் புத்தகத்தைத் தூக்கி மேஜையில் அடித்தார். பிஸ்கட் தட்டு குதித்தது. கூண்டில் நாய் எழுந்து நின்றது. "எது சினிமா? அவ ஒரு வருஷமா அவன் சாகறதுக்காகக் காத்துக்கிட்டிருந்தவ. ஒரு வருஷம் அடக்கி வெச்சவ அன்னிக்கு ஓடறா. உனக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கல. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

கத்தரி திரும்பினாள். "ஒரு வருஷம் தெரிஞ்சிருந்தா இன்னும் நிதானமாத்தான் இருப்பா. ஓடமாட்டா."

"ஓடுவா."

"நீங்க கண்டீங்களா?"

"நீ கண்டியா? நீ கண்டது உன் வீட்டுக் குழாயை. அதை வெச்சுக்கிட்டு உலகத்துல இருக்கற அக்காமாரையெல்லாம் அளக்கற. நீ குழாயை மூடினதால உனக்குப் பாசமில்லைன்னு உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கிட்ட. இப்ப ஓடினவளையும் பொய்யின்னு சொல்லி உன் பக்கத்துல உக்கார வெக்கப் பாக்கற. அது விமர்சனமே கிடையாது."

"என் தம்பியை இதுல இழுக்காதீங்க!"

"இழுத்தது யாரு? நானா? நீ!"

பாதி நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டார். வந்த வழியே கத்தரி நடந்து வந்து மேஜைக்கு எதிரில் நின்றாள். "நான் பாசமில்லைன்னு சொல்லல. மூடினேன்னு சொன்னேன். அவன் அங்க கிடக்கான், நான்... அவன் தோள் மேல கால் பட்டுச்சு டாக்டர். தாண்டும்போது. பட்டுச்சு. நான் மன்னிச்சுக்கடான்னுகூடச் சொல்லல..." முகம் எப்போது நனைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கு ஒழுகியது. ஏழு மாதமாக எங்கே இருந்ததோ, அவ்வளவும் வந்துகொண்டிருந்தது. வலித்தது, நன்றாகவே வலித்தது.

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று மாட்டு டாக்டர் தன் புத்தகத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். டீச்சர் ஓடி வந்து கத்தரியின் தோளை அணைத்தாள். "போதும் டாக்டர், ஒத்துக்கோங்க. அவ சொல்றதே சரியா இருக்கட்டும்" என்றாள்.

கத்தரி அவள் கையைத் தோளிலிருந்து எடுத்து விலக்கினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மறுபடி மேஜையில் வைத்தாள்.

"நீ சும்மா இரு" என்றாள் டீச்சரிடம், விக்கிக்கொண்டே. "டாக்டர், ஒத்துக்காதீங்க. பேசுங்க."