தம்பி கேட்ட ஒரு வரி

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் தம்பியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ‘எடுத்துக்கொண்டேன்’ என்பதும் மழுப்பல்தான். அவனுக்கு நடந்ததில் என் கையும் இருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அவன் அவளைப் பார்த்த அன்று வெளியே மழை –’ மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். வீட்டில் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் காதோரம் விரல் வைத்து ஃபிரேமை வளைப்பவன், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டான். எதிரில் இருப்பது பெண் என்றால் உள்ளங்கை நனைந்துவிடும்.

அதே கட்டடத்தின் மாடியில் ஒரு பிசியோதெரபி நிலையம். அங்கே வேலை பார்க்கும் பெண் மாதம் ஒருமுறை இறங்கி வருவார். நோயாளிகளின் கைகால்களைத் தூக்கிப் பிடிக்கும்போது இடிபட்டு அவருடைய ஃபிரேம் கோணிக்கொள்ளும். தம்பி நிமிர்த்திக் கொடுப்பான். பத்து நிமிடம். அவர் ஏதாவது சொல்லிச் சிரிப்பார். இவன் ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டே சிரிப்பான். இப்படியே இரண்டு வருடம்.

2

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி என் வீட்டுக்கு வந்தான். உட்காராமலே கேட்டான்.

“அக்கா, நீ கதை எழுதறவதானே. அவங்ககிட்ட சொல்ல எனக்கு ஒரே ஒரு வரி எழுதிக் குடு. மனப்பாடம் பண்ணிக்கறேன்.”

(இந்த இடத்தில் நான் சிரித்தேன். சிரிக்காதவளாக என்னை மாற்றி எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.)

ஐந்து வரிகள் எழுதினேன். ‘உங்கள் கண்ணாடி வழியே உலகத்தை –’ இதைத் தம்பியே வேண்டாமென்றான். ‘எத்தனையோ கண்களுக்கு அளவெடுத்த எனக்கு –’ இதற்கு நானே வெட்கப்பட்டேன். கடைசியில் இருப்பதிலேயே சாதாரணமான ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த முறை அவர் வந்தபோது அந்த வரி தொண்டைவரை வந்ததாம். வாயைத் திறந்தால், பவர் மாறியிருக்கும், டெஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டதாம். அவரும் டெஸ்ட் செய்துகொண்டார். பவர் மாறவில்லை.

3

அதன் பிறகு நான் அவனை விடவில்லை. ஒரு நாளைக்கு மூன்று பேரிடமாவது பேச வேண்டும் என்று விதித்தேன். பேருந்து நிறுத்தத்தில் மணி கேட்டான். கூரியர்காரரிடம் சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தான். லிஃப்டில் ஒரு பெண்மணியிடம் வெயிலைப் பற்றிச் சொன்னபோது அவர் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். அன்று தம்பி சாப்பிடவில்லை. மறுநாள் அதே லிஃப்டில் ஏறினான்.

ஆறு வாரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. கை வேர்ப்பது நிற்கவில்லை. வேர்த்த கையோடு பேசப் பழகிக்கொண்டான்.

(தைரியத்தைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். தைரியம் உள்ளவர்கள் எழுதவேண்டிய பத்தி அது.)

4

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கேட்டுவிட்டான். என் வரியை அல்ல. கண்ணாடியைத் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அவனாகவே சொன்னது:

“உங்ககிட்ட பேசணும்னாலே எனக்குக் கை வேர்த்துடுது. ஆனாலும் கேட்டுடறேன். ஒருநாள் வேலை முடிஞ்சதும் என்கூட டீ குடிக்க வர்றீங்களா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவனை நேராகப் பார்த்தாராம்.

“கேட்டதுக்கு நன்றிங்க. ஆனா எனக்கு அப்படித் தோணல. தப்பா எடுத்துக்காதீங்க.”

அவ்வளவுதான்.

இதற்கு ஒரு காரணம் எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. ‘அவருக்கு ஏற்கெனவே நிச்சயமாகி –’ ‘தூர தேசத்தில் வேலை கிடைத்து –’ ‘இறந்துபோன கணவரின் –’ மூன்றையும் தம்பியிடம் படித்துக் காட்டினேன்.

“காரணம் எதுவும் போடாத அக்கா,” என்றான். “அவங்களுக்குத் தோணல. அதையும் நீ மாத்திட்டா, எனக்குன்னு நடந்தது எதுவுமே இல்லாம போயிடும்.”

அதன்பின் அவர் கடைக்கு வருவதில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார். ஒருநாள் அவருடைய ஃபிரேம் இடதுபக்கம் இறங்கியிருந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான். வேறு எங்கோ கொடுத்திருக்கிறார், சரியாக வளைக்கவில்லை என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. மாதம் பத்து நிமிடமாவது அவனுக்கென்று இருந்தது. நான் சும்மா இருந்திருந்தால் அது இன்றும் இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன்.

5

அவனுக்காக ஒரு நல்ல முடிவு எழுதிக் கொண்டுபோனேன்: கடைக் கதவு திறக்கிறது, வேறொரு பெண், கையில் உடைந்த கண்ணாடி. படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தான். பிறகு கேட்டான்.

“நீ யார்கிட்டயாவது கேட்டிருக்கியா அக்கா?”

எனக்கு ஐம்பத்தொரு வயது. ஏழு நாவல்களில் எத்தனையோ பேரைக் காதலைச் சொல்ல வைத்திருக்கிறேன். இல்லை என்றேன். அவன் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். என் கதைகள் அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். ஒன்பது வருடமாக. விட்டுப்போன ஒற்றெழுத்தைப் பச்சை மையில் வைப்பார். என் வாக்கியத்தில் வேறெதையும் தொட்டதில்லை. தாள்களை அவர் மேசையில் வைத்துவிட்டு, ஃபேன் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஃபேன் ஒன்பது வருடமாக நன்றாகத்தான் ஓடுகிறது.

சார், இதை முதலில் படிக்கப்போவது நீங்கள்தான். உங்களைத்தான் சொல்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் ‘ஆகவே’ என்பதிலிருந்து எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

6

வாசகரே, இந்தப் பகுதி உங்கள் கையில் அச்சாகி இருக்கிறது என்றால், அவர் அடிக்கவில்லை. ஆனால் அவர் பிழையை மட்டுமே திருத்துகிறவர். பிழையில்லாததை அப்படியே விட்டுவிடுவது அவர் வழக்கம். விட்டது சம்மதமா, வழக்கமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

திருத்திய தாள்களை இந்த முறை நான் கேட்டு வாங்கப்போவதில்லை. அச்சான என் புத்தகங்களையோ நான் பிரித்துப் பார்ப்பதில்லை.